திரும்பிப் பார்க்காத வண்டிக்காரன்

நான் டவுன் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், எவர் டிக்கெட் எடுக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்கிறார் என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பவே தப்பாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவன். போன வருஷம் ஒரு பழைய வடமொழி நாடகத்தில் வண்டிக்காரனாக நடிக்கப் போனேன். அந்தப் பீற்றல் எவ்வளவு தூரம் உண்மை என்று அங்கேதான் தெரிந்தது. இதில் யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, நாடகத்தின் பெயரையும்தான். தெரிந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

என்னை அதற்குள் இழுத்துவிட்டவர் தினமும் என் பஸ்ஸில் வரும் ஒரு மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர். டவுனில் ஒரு காலேஜில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற கண்டக்டர்கள் ஸ்டாப்பிங் வந்தால் விசில் அடிப்பதோடு சரி. நான் பெயரை இழுத்துச் சொல்வேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பினால் சிந்தாமணி, பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ராஜகோபுரம் என்று ஒவ்வொன்றும் ஒரு ராகத்தில் வரும். டிரைவருக்கு அது தலைவலி. "என்னமோ வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரியில்ல கூப்புடுற" என்பார். ஒருநாள் அந்த மேடம் இறங்கும்போது படியிலேயே நின்று, "கண்டக்டர் சார், நாங்க ஒரு நாடகம் போடறோம். நீங்க நடிக்கணும்" என்றார். பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "சரிங்க மேடம், மொதல்ல இறங்குங்க" என்றேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடியில். டூட்டியை மாற்றிக்கொண்டு போனேன். வடமொழி நாடகம் என்றால் ராஜா, ராணி, முனிவர், மான் என்று நினைத்திருந்தேன். இதில் அப்படி எதுவும் இல்லை. தானம் செய்தே ஏழையாகிப்போன ஒரு வியாபாரி, அவர் மேல் ஆசை வைத்த ஒரு நாட்டியக்காரி, சுவரில் அழகாக ஓட்டை போடத் தெரிந்த ஒரு திருடன், சூதாடிகள், வேலைக்காரிகள், வண்டிக்காரர்கள். காலையில் காந்தி மார்க்கெட் போகிற பஸ்ஸில் ஏறும் ஆட்கள் மாதிரி எல்லா வகையும் இருந்தது. இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் வண்டிக்காரனுக்குக்கூட இவ்வளவு வசனம் எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்க வீட்ல எப்படிப் பேசுவேளோ அப்படியே பேசுங்கோ" என்றார் மேடம். "மூலத்துலயும் வண்டிக்காரன் சமஸ்கிருதம் பேசமாட்டான். ஜனங்க பேசற பேச்சுதான்."

நான் வில்லனுடைய வண்டிக்காரன். காட்சி இதுதான். நாட்டியக்காரி தன் காதலரைப் பார்க்க ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். அவளுக்காக வந்த வண்டி, மெத்தையை மறந்துவிட்டதால் எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் வண்டி அதே வாசலில் வந்து நிற்கிறது, முன்னால் கிராமத்து வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பதால். ஒருவனுடைய சக்கரம் சிக்கிக்கொள்ள, நான் இறங்கிப் போய்த் தள்ளிவிடுகிறேன். அந்த இடைவெளியில் அவள் தனக்கு வந்த வண்டி என்று நினைத்து என் வண்டியில் ஏறிவிடுகிறாள். நான் திரும்பி வந்து, பின்னால் பார்க்காமலேயே ஓட்டிக்கொண்டு போய் நேராக வில்லனிடம் சேர்த்துவிடுகிறேன். அவள் உயிருக்கே ஆபத்து வருவது அதனால்தான்.

மேடையில் வண்டியைத் தேடினேன். "வண்டி எங்க மேடம்?"

"வண்டி கிடையாது. மாடு கிடையாது, கதவு கிடையாது, தோட்டம் கிடையாது. கயித்தைப் பிடிச்சிருக்கற மாதிரி கையை வச்சுண்டு மேடையை ஒரு சுத்து நடந்து வாங்கோ. வந்து நின்னு 'தோட்டம் வந்தாச்சு'ன்னு சொல்லுங்கோ. வந்துடும்."

"யாரு மேடம் நம்புவாங்க?"

"நீங்க மாம்பழச்சாலைன்னு சொன்னா இறங்கறோமே. எல்லாரும் ஜன்னல் வழியா பாத்துட்டா இறங்கறோம்?"

ஒரு சுற்று நடந்தால் இடம் மாறிவிடும், சொன்னால் ஊர் வந்துவிடும் என்பது அந்தக் கால நாடகத்தின் சட்டமாம். அன்று முதல் அது எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் அதுவே கண்ணில் பட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் கொசு ஒழிப்புக்கு வீதி நாடகம் போட்டார்கள். ஒரு பெண் முன்னால் வந்து, "வணக்கம், நாங்க ஒரு கதை சொல்ல வந்திருக்கோம்" என்றாள். அது எங்கள் நாடகத்தின் தொடக்கத்தில் வரும் சூத்திரதாரி செய்வதுதான். பிறகு எல்லோரும் ஒரு வட்டம் ஓடி நின்று, "இதோ ஆஸ்பத்திரி" என்றார்கள். அதுவும் எங்களுடையதுதான். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு கயிற்றுக்குள் நின்று பஸ் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு எந்த மேடம் சொல்லிக்கொடுத்தார்? பெட்டி மாறிப்போய் ரகளையாகும் சினிமாவெல்லாம் எங்கள் வண்டி மாறிய கதைக்கு உறவுதானோ என்றுகூடத் தோன்றியது. மேடத்திடம் கேட்டேன். "இந்த நாடகத்தை வெளிநாட்ல எத்தனையோ பாஷையில போட்டிருக்கா. ஒண்ணுமில்லாத மேடையில எல்லாம் வரவழைக்கலாம்னு அவாளும் அசந்து போயிருக்கா. ஆனா எது எங்கேர்ந்து யாருக்குப் போச்சுன்னு கோடு போட்டுச் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டிக்கெட் கொடுத்த கணக்கு மாதிரி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட முடியுமா என்ன?

முதல் ஒத்திகையில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். நாட்டியக்காரியாக நடித்தவர் ஒரு பேங்க் கிளார்க் பெண். அவர், இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் வாய் தன்னால் இரண்டு விசில் அடித்துவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்றும் சொல்லிவிட்டேனாம். மாடியே அதிர்ந்தது. இன்னொரு வண்டிக்காரராக நடித்தவர் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய். அவர் சிரித்து முடித்து, "அண்ணே, சில்லறை பாக்கியா?" என்று கேட்டார்.

விசிலை நிறுத்திவிட்டேன். நிறுத்த முடியாதது வேறொன்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்ததும் என் கழுத்து பின்னால் திரும்பிவிடும். வண்டி நகர்ந்தால் உள்ளே பார்க்க வேண்டும் என்பது என் கழுத்துக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். திரும்பினால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிடுவேன், பார்த்தால் காட்சி செத்துவிடும். மேடம் பொறுமையாகச் சொன்னார், கெஞ்சினார், கடைசியில் கோபப்பட்டார். எனக்கும் கோபம் வந்தது.

"மேடம், இதுல தப்பு என்மேல இல்ல. எழுதினவர்மேலதான். வண்டியில ஒரு பொம்பள ஏறி உட்கார்ந்திருக்கு. எவனாவது யாருன்னு பாக்காம ஓட்டுவானா? தொழில் தெரிஞ்சவன் எவனும் செய்ய மாட்டான்."

"அவனுக்குத் தெரியாம இல்லையே. வண்டி கனமா இருக்குன்னு அவனே சொல்றானே."

அது உண்மைதான். என் வசனத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. நான் வண்டியைக் கிளப்பிவிட்டு, என்ன இது, வண்டி கனமா இருக்கே என்கிறேன். உடனே நானே, சக்கரம் தள்ளின அசதி, அதான் அப்படித் தெரியுது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடுகிறேன். "அந்த இடம் எனக்கு விளங்கல மேடம். கனம் தெரியுதுன்னா திரும்பிப் பாக்க வேண்டியதுதானே?" என்றேன்.

மேடம் நோட்டை மூடினார். "வர ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நாடகம். வர ஞாயிறும் நீங்க திரும்பினேள்னா, பாய் ரெண்டு வேஷத்தையும் பாத்துக்கட்டும். அவருக்கு உங்க வசனமும் பாடம்."

அதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எனக்கு அந்த வேஷம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டும் என்று துடித்தேன். என் குரலைச் சத்தம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அது வேண்டும் என்று ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாய் கீழே இறங்கும்போது என் தோளில் கை போட்டு, "இன்ஷா அல்லா, ஒங்களுக்கு வந்துரும்ணே. எனக்கு ஒரு வண்டியே போதும்" என்றார்.

வீடு உறையூரில். என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவளைப் பற்றி ஒரு குறை அப்போது எனக்கு இருந்தது. கொஞ்ச காலமாக நான் ஒன்று சொன்னால் உடனே பதில் வருவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை சொல்ல வேண்டும். சில சமயம் பதிலே வராது. தையல் மிஷின் சத்தம் என்று நினைப்பேன். மிஷின் ஓடாதபோதும் அப்படி இருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தங்காமல் நாடகம் என்று ஓடுகிறேனே, அந்தக் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். கோபம் ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் துண்டை இரண்டாக மடித்துக் கயிறாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவள் மிஷினில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்று கதையைச் சொல்லி, "நீயே சொல்லு, வண்டியில ஏறின பொம்பளையப் பாக்காம எவனாவது ஓட்டுவானா?" என்று கேட்டேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. அப்படியும் ஆளுங்க இருப்பாங்க" என்று சொல்லி மறுபடி மிஷினை மிதித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நாடகம் என்றால் இவளுக்கு இளக்காரம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை வண்டிச் சாவியைக் காணவில்லை. என் ஸ்கூட்டர் சாவியைச் சொல்கிறேன். அவள் மாவு அரைக்கப் போயிருந்தாள். அவளுடைய கைப்பையில் தேடினேன். சாவி இல்லை. ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லாத டிக்கெட். யாரும் அதைச் சேர்த்து வைக்கமாட்டார்கள், இறங்கின இடத்திலேயே எறிந்துவிடுவார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்களின் கண் முதலில் எங்கே போகுமோ அங்கேதான் என் கண்ணும் போனது. மெஷினில் அடித்த டிக்கெட்டில் பஸ் நம்பர், நேரம், கண்டக்டர் நம்பர் எல்லாம் இருக்கும். ஐந்திலும் என் நம்பர். சத்திரம் டு ஸ்ரீரங்கம், ஒன்பது நாற்பது டிரிப். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, மறுபடி செவ்வாய், வெள்ளி, செவ்வாய்.

யாரோ கொடுத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். எதற்கு ஒருவர் உபயோகப்படுத்திய டிக்கெட்டை இவளுக்குக் கொடுக்கப் போகிறார்? இவள் என் பஸ்ஸில் ஐந்து தடவை வந்திருக்கிறாள். நான் ஐந்து தடவையும் டிக்கெட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் இவளுக்கு என்ன வேலை என்ற கேள்விகூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம். டிக்கெட்டுகளை இருந்தபடியே வைத்துவிட்டேன். சாவி என் பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூட்டத்தில் கண்டக்டர் பார்ப்பது கையைத்தான். முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. இலவச டிக்கெட் வந்த பிறகு பெண்கள் பக்கம் கையைக்கூடப் பார்ப்பதில்லை. முன்னால் இருந்து, "ஸ்ரீரங்கம் மூணு" என்று குரல் வரும். நான் மூன்று அடித்துக் கிழித்துக் கொடுப்பேன். கை மாறி கை மாறி அது போய்ச் சேரும். யார் அந்த மூன்று என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது நாற்பது. சத்திரத்தில் கிளம்பும்போதே முகம் முகமாகப் பார்த்தேன். கூட்டம் நெருக்கியது, முன்வாசலில் ஏறியவர்களைப் பார்க்க முடியவில்லை. சிந்தாமணி தாண்டியதும் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "என்ன கண்டக்டர் இன்னைக்கு இங்க வரைக்கும் வந்துட்டாரு" என்று ஒரு பூக்காரம்மா சொன்னார். இடது பக்கம் நாலாவது சீட், ஜன்னலோரம். நான் தினமும் பார்க்கிற கொண்டை, போன தீபாவளிக்கு எடுத்த புடவை. பஸ் பாலத்தில் ஏறியது. அவள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. என்னைப் பழிவாங்குகிறாள் என்று நினைத்து, மாம்பழச்சாலைக்குப் போடுகிற முழுக்குரலில் கூப்பிட்டேன். பஸ்ஸே திரும்பியது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் மட்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இருக்கிறவளின் கழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்தக் கழுத்து இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் தோளைத் தொட்டாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஸ்ரீரங்கம் ஒண்ணுங்க" என்றாள்.

டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். ராஜகோபுரத்தில் அவள் இறங்கி ரோட்டைக் கடந்து, மருந்துக்கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் ஏறினாள். அந்தப் படிக்கு மேலே இருந்த போர்டை அந்த வழியில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். காது, மூக்கு, தொண்டை டாக்டர். விசில் அடிக்க மறந்து நின்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைத் திட்டுவது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிஷினுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள். வலது காது இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை. இடது காது பரவாயில்லை, ஆனால் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் இரைச்சலில் அதுவும் எடுபடாது. டாக்டர் பரிசோதனைகள் எடுத்திருக்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார், பிறகு காதுக்கு மிஷின் வைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னேன். 'ஏங்க, எனக்கு ஒரு பக்கம் காது சரியா கேக்கலங்க'ன்னு. நீங்க டூட்டி முடிஞ்சு வந்து சாஞ்சிருந்தீங்க. 'தையல் மிஷின் சத்தம், அதான் அப்படி இருக்கும்'னுட்டீங்க."

ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் ஞாபகம் வந்தது. நானே கனத்தை உணர்ந்து, நானே காரணம் சொல்லி, நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் எவன் ஓட்டுவான் என்று மேடத்திடம் சண்டை போட்டேனே, அந்த வாய்க்கு என்ன சொல்வது? எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுது பழக்கமில்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது சரி, என் பஸ்ல ஏன் வந்த?" என்று கேட்டேன்.

"மொத நாள் தற்செயலாத்தான் ஏறினேன். டாக்டர் என்ன சொல்வாரோன்னு பயமா இருந்துச்சு. படியில உங்க கொரல் கேட்டதும் தெம்பா இருந்துச்சு. நீங்க பாப்பீங்க, பாத்தா சொல்லிடலாம்னு இருந்தேன். பாக்கல. அடுத்த தடவை வேணும்னே உங்க பஸ்ஸுக்காக நின்னு ஏறினேன். நானே வாயத் தொறந்து டிக்கெட் கேட்டேன். அப்பவும் பாக்கல. அப்புறம் எத்தனை நாள்ல கண்டுபுடிப்பீங்கன்னு எண்ண ஆரம்பிச்சுட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும் என்ற மனநிலை. ஆனால் அந்த வண்டிக்காரனிடம் எனக்கு இப்போது சண்டை இல்லை. அவன் யார் என்று தெரிந்துவிட்டது. இல்லாத சக்கரத்தை உண்மையாகவே மூச்சுப் பிடித்துத் தள்ளினேன். தோள் வலித்தது. கயிற்றை எடுத்தேன். பின்னால் அந்தப் பெண் ஏறி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். ஒரு அடி, இரண்டு அடி. வண்டி கனமா இருக்கே என்றேன். அசதி, அதான் என்றேன். கழுத்து திரும்பவில்லை. ஒரு சுற்று முடித்து நின்று, "தோட்டம் வந்தாச்சு" என்றேன். பாய்தான் முதலில், "மாஷா அல்லா" என்றார்.

"எப்படி வந்துது?" என்று மேடம் கேட்டார்.

"ஆள் இருக்கறதை மறக்கணும்னு இத்தனை நாள் பாத்தேன் மேடம். அது முடியாது. அசதின்னு நம்பிட்டாப் போதும்." அவருக்கு என்ன புரிந்ததோ, நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இந்த இடத்தை எழுதியவர் அதை யாரிடம் கற்றுக்கொண்டார்? வண்டிக்காரனைக் கூர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டாரா, இல்லை அவர் வீட்டிலும் யாராவது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்களா? மேடத்தைக் கேட்டால் அவருக்கும் தெரியாது என்பார்.

நாடகம் அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு. முன்வரிசையில், இடது காது மேடைப் பக்கம் இருக்கும்படி ஓரத்து நாற்காலியில் அவளை உட்காரவைக்கச் சொல்லி மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். என் காட்சி வந்தது. கூட்டத்துக்கு வண்டியில் இருப்பவள் யார் என்று தெரியும், எனக்குத்தான் தெரியாது. வண்டி கனமா இருக்கே என்றதும் மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கலகலவென்று சிரித்தது. அது யார் என்று எனக்குத் தெரியும். வண்டிக்காரன் பின்னால் திரும்பக்கூடாது, முன்னால் பார்க்கலாம். அவளைப் பார்த்துக்கொண்டே, சக்கரம் தள்ளின அசதி என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அது சிரிப்பினால்தானா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். எப்போதும் போல அவள் என் இடது பக்கம். கல்யாணத்தன்று மணையில் இடது பக்கம் வந்து உட்கார்ந்தவள், கடைத்தெருவானாலும் கோயிலானாலும் அந்தப் பக்கம்தான் நடப்பாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை. எதிரில் வந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவள் என் இடது பக்கம் வந்தால் என் பக்கம் இருப்பது அவளுடைய வலது காது. இரண்டு வருஷமாக நான் கேட்காத காதில் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நின்றேன். அவளுக்கு முன்னால் போய், அவளைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்து நின்றேன்.

"என்ன, நடுரோட்டுல சாமி சுத்துறீங்க?"

"எடம் மாறியாச்சு" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை என் பக்கம் சாய்த்து, "ம், நல்லா கேக்குது. சொல்லுங்க" என்றாள்.

"நான் சொல்லல. நீ சொல்லு. அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"அதான் தெரியுமே உங்களுக்கு."

"பரவால்ல. சொல்லு."

ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, இரண்டு விசிலோடு கிளம்பிப் போனது. இருவரும் நகரவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "ஏங்க, எனக்கு ஒரு பக்கம் காது சரியா கேக்கலங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.